எடுப்பாரற்ற நூல்களும் நூற்காட்சியும்

நூனிலையம் என்பது நூல்களைத் தொகுத்து வைக்கும் இடம் என்று கொள்வோர் பலர். தொகுத்து வைத்தல் அதன் தொழில்களுள் ஒன்றேயன்றி முழுவதுமன்று. நெல்லைக் களஞ்சியத்திற் சேர்ப்பது உண்பதற்கும் விதைப்பதற்குமாதல் போல, நூல்களை ஓரிடத்திற் சேர்ப்பது அவை படிக்கப்படுதற் பொருட்டேயாம். ஆயினும், எந்த நூனிலையத்திலாயினும் அலுமாரிகளை வரிசையாக நோக்கிச் செல்வோர், திகதித் தாளில் ஒரு முத்திரையேனும் பதியப்பெறாத நூல்கள் பலவற்றைக் காண்பர். வாங்கிய நாளிற் பதிவேட்டில் ஏறி, இலக்கமிடப்பெற்று, தட்டில் வைக்கப்பெற்று, அன்று தொட்டு எவராலும் எடுக்கப்படாதிருக்கும் நூல்கள் அவை. அவை ஏன் அவ்வாறு கிடக்கின்றன என்பதும், அவற்றைப் படிப்போர் கையிற் சேர்ப்பித்தற்கு வழி யாது என்பதும் ஆராயத்தக்கன. அவ்வழிகளுள் எளியதும் செலவு குறைந்ததுமாகிய நூற்காட்சி என்னும் முறை ஈண்டு விளக்கப்படும்.

நூனிலையத் தொழிலுக்குத் தத்துவ அடிப்படை வகுத்தவர் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் (1892–1972) ஆவர். கணித ஆசிரியராயிருந்த அவர் 1924ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக நியமனம் பெற்று, இங்கிலாந்து சென்று பயின்று, 1925இல் மீண்டார். அவர் 1931இல் வெளியிட்ட நூல் நூனிலையத்துக்குரிய ஐந்து விதிகளைக் கூறுகின்றது. நூல்கள் பயன்படுத்தற்கு உரியன. ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் கிடைத்தல் வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் கிடைத்தல் வேண்டும். வாசகனது நேரம் காக்கப்படல் வேண்டும். நூனிலையம் வளரும் உயிர்ப்பொருள் போன்றது என்பன அவ்வைந்தின் கருத்துக்கள். இவற்றுள் இரண்டாம் விதியும் மூன்றாம் விதியும் ஒன்றே போலத் தோன்றினும் வேறுபாடுடையன. இரண்டாம் விதி வாசகனிடத்திருந்து தொடங்குகின்றது. அவன் தேடி வருகின்றான், நூனிலையம் கொடுக்கின்றது. மூன்றாம் விதி நூலினிடத்திருந்து தொடங்குகின்றது. நூலுக்கு வாயில்லை, தன்னை வேண்டுவான் எங்குளன் என்று அது தேடிச் செல்லவும் மாட்டாது. ஆகவே அதன்பொருட்டுத் தேடுவது நூலகர் கடமையாகின்றது. நூற்காட்சி இம்மூன்றாம் விதியின் செயல்வடிவமாம்.

எடுப்பாரற்ற நூல்கள் சிலவே என்று எண்ணுதல் தவறு. ஐக்கிய அமெரிக்காவிற் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழக நூனிலையத்தில் நிகழ்ந்த ஆய்வொன்று 1979இல் நூலாக வெளிவந்தது. 1969ஆம் ஆண்டில் அந்நூனிலையம் பெற்ற 36,892 நூல்களை அவ்வாய்வு பின்தொடர்ந்தது. 1975ஆம் ஆண்டின் இறுதிவரையும் அவற்றுள் 39.8 வீதமானவை ஒருமுறையேனும் இரவலாகச் செல்லவில்லை. முதலிரண்டு ஆண்டுகளிலும் எடுக்கப்படாத நூல் பின்னர் எடுக்கப்படும் வாய்ப்பு நான்கில் ஒன்றாகவும், ஆறாண்டுகள் எடுக்கப்படாத நூலுக்கு அவ்வாய்ப்பு ஐம்பதில் ஒன்றாகவும் குறைந்ததென்பதும் அவ்வாய்வின் முடிபு. அம்முடிபுகளை அப்பல்கலைக்கழக ஆசிரியர் சிலரே மறுத்து எழுதினர். நூனிலையத்துள்ளிருந்தே படிக்கப்பெறும் நூல்களின் பயன் இரவற் பதிவிற் புலப்படாதென்பது நினைவிற் கொள்ளத்தக்கது. எனினும், இதற்கு முன்னரே 1969இல் றிச்சாட் துரூசுவெல் என்பார், நூனிலையங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நூல்களே இரவல்களுள் ஐந்தில் நான்கு பங்குக்குக் காரணமாகின்றன என்று எழுதியிருந்தார். எண்கள் இடத்துக்கிடம் வேறுபடும். எடுக்கப்படும் நூல்களே மேலும் மேலும் எடுக்கப்படுகின்றன, கிடப்பன கிடந்தேயொழிகின்றன என்னும் இயல்பு எங்கும் ஒன்றே.

இவ்வியல்புக்குக் காரணம் நூலின் தகுதிக் குறைவு என்று முடிவு செய்தல் பொருந்தாது. பெரும்பாலும் காரணங்கள் நூலின் புறத்தே உள்ளன. முதலாவது, இடம். கண்ணின் உயரத்துக்கு ஒத்த தட்டிலுள்ள நூலை நின்றபடியே காணலாம். நிலத்தை ஒட்டிய தட்டிலுள்ளதைக் குனிந்தே காணல் வேண்டும். உச்சித் தட்டிலுள்ளதை அண்ணாந்து நோக்கினும் பெயரை வாசித்தல் அரிது. இரண்டாவது, தோற்றம். தட்டில் நிற்கும் நூல் தன் முதுகை மாத்திரமே காட்டுகின்றது. அம்முதுகும் வெயிலால் வெளிறியோ, மீளக் கட்டியபோது ஒரே நிறத் துணியால் மூடப்பெற்றோ இருப்பின், உள்ளே இருப்பது யாதென்பதை உணர்த்த ஒன்றுமில்லை. மூன்றாவது, பெயர். பழைய நூல்களின் பெயர்கள் பலவும் அவை கூறும் பொருளைப் புலப்படுத்துவனவல்ல. நான்காவது, வகுப்பு முறை. இதனைச் சிறிது விரித்து நோக்குதல் தகும்.

மெல்வில் டூயி என்பார் 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை அறிவுத்துறைகளைப் பத்துப் பெருவகுப்புக்களாக அடக்குவது. ஒரு துறையைச் சார்ந்த நூல்களை அது ஓரிடத்தே கூட்டுகின்றது; ஆனால் ஒரு பொருளைப் பற்றிய நூல்களைப் பல துறைகளிலே சிதறவும் விடுகின்றது. பனையை எடுத்துக்கொள்க. அதனைத் தாவரமாக ஆராயும் நூல் 580களில் நிற்கும். பயிராக நோக்குவது 630களில் நிற்கும். பனாட்டும் ஒடியலும் கூழும் சமைக்குமாறு கூறுவது 641இல். ஓலையால் இழைக்கும் கைவேலை 746இல். பனையைப் பற்றிய நாட்டார் கதைகளும் பழமொழிகளும் 398இல். தமிழ்ச் செய்யுள்கள் 894.811இல். பனைத்தொழிலின் பொருளாதாரத்தை அறிய விரும்புவோன் 330களுக்குச் செல்லல் வேண்டும். ஒருவன் இவ்வேழிடங்களையும் தானாகவே நாடிச் செல்வான் என எதிர்பார்த்தல் இயலாது. அவன் ஓரிடத்திற் கண்டதோடு அமைந்து விடுவான். ஏனைய ஆறிடங்களிலுமுள்ள நூல்கள் அவனை இழக்கும். பட்டியலும் கணினியும் இவற்றை ஒருங்கே காட்டவல்லனவே. ஆயின், பட்டியல் கேட்டார்க்கே விடையிறுக்கும். இத்தகைய நூல் உண்டென்பதை அறியாதவன் அதனைக் கேளான்.

இத்துணையும் நோக்கின், நூற்காட்சி செய்வது யாதென்பது விளங்கும். அஃது இடத்தை மாற்றுகின்றது; முதுகுக்குப் பதிலாக முகத்தைக் காட்டுகின்றது; பெயர் உணர்த்தாததைச் சிற்றட்டையால் உணர்த்துகின்றது; சிதறியவற்றை ஒரு காலத்துக்கு ஒன்று கூட்டுகின்றது. குடத்துள் இட்ட விளக்கை வெளியே எடுத்து வைத்தல் போல்வது அது. விளக்குக்குப் புதிதாக எண்ணெய் எதுவும் வார்க்கப்படவில்லை.

இம்முறை அண்மைக்காலத்துப் புதுமையுமன்று. வாசகர் தட்டுக்களை அணுகவிடாது, கேட்ட நூலை ஊழியர் எடுத்துக் கொடுக்கும் வழக்கமே முன்னர் எங்கும் இருந்தது. பிரித்தானியாவில் 1894ஆம் ஆண்டிலே தான் கிளாக்கன்வெல் பொது நூனிலையத்தில் யேம்ஸ் டவ் பிறவுண் என்பார் வாசகரைத் தட்டுக்களிடையே செல்ல விடுத்தார். அமெரிக்காவின் நெவாக் நகரப் பொது நூனிலையத்தை 1902 முதல் 1929 வரை நடத்திய யோன் கொற்றன் டேனா என்பார் காட்சியை நூனிலைய வேலையின் உறுப்பாகவே கொண்டார். 1909இல் நெவாக் நூதனசாலை தோன்றியதும் அந்நூனிலையக் கட்டடத்தினுள்ளேயாம். இரங்கநாதனும் மூன்றாம் விதியை நிறைவேற்றும் வழிகளுள் திறந்த தட்டு முறைக்குத் தலைமையிடம் கொடுத்தார். காட்சியின் பயன் பிற்காலத்தில் அளந்தும் நோக்கப்பட்டது. ஹெர்பேட் கோல்ட்ஹோர் என்பார் 1972இல் வெளியிட்ட ஆய்வில், இலினோய் மாகாணத்து அயல் நகரங்கள் இரண்டின் பொது நூனிலையங்களை ஒப்பிட்டார். குறித்த சில நூல்களை ஒன்றில் எடுப்பான இடத்தில் வைத்து, மற்றொன்றில் வழக்கமான தட்டிலேயே விடுத்து நோக்கியபோது, எடுப்பான இடத்தில் வைத்த நூல்களின் இரவல் பெரிதும் உயர்ந்தமை கண்டார். நூல்கள் அவையே, மாறியது இடம் ஒன்றே.

இனி, கல்லூரி நூனிலையமொன்றில் இத்தகைய காட்சியை அமைக்குமாறு கூறப்படும்.

முதற்கண் செய்யற்பாலது தெரிவு. வழங்கற் பதிவேட்டையோ திகதித் தாள்களையோ நோக்கி, ஐந்தாண்டுகளாக எடுக்கப்படாத நூல்களைத் தனியே குறித்துக்கொள்ளல் வேண்டும். அவை அனைத்தும் காட்சிக்குரியனவல்ல. காலங்கடந்த வினாவிடைக் கொப்பிகளும், பிழையாகிப்போன பழைய விஞ்ஞானச் செய்திகளைக் கூறுவனவும், பக்கங் குறைந்தனவும் விலக்கப்படல் வேண்டும். தகுதியற்ற நூலைக் காட்சியில் வைத்தாற் படிப்போன் ஒருமுறை ஏமாறுவான். அடுத்த காட்சியை நம்பான். எனவே தெரிபவர் நூலைத் திறந்து சில பக்கங்களாயினும் படித்தல் இன்றியமையாதது. இவ்விடத்தில் ஆசிரியர் துணை பெரிதும் பயன்படும். இரசாயனம் கற்பிப்பவரும் வரலாறு கற்பிப்பவரும் தத்தம் துறைத் தட்டுக்களை ஆண்டுக்கொருமுறை நோக்குவாராயின், நூலகர் ஒருவராற் காணமுடியாத அருநூல்கள் வெளிப்படும்.

அடுத்தது பொருள். "படிக்கப்படாத நூல்கள்" என்று தலைப்பிட்டு வைத்தல் ஆர்வத்தினும் ஐயத்தையே மிகுவிக்கும். வேறுபட்ட தட்டுக்களிலிருந்து வரும் நூல்களைப் பிணைக்கவல்ல ஒரு பொருள் வேண்டும். மேற்கூறிய பனை அத்தகையது. 1850இற் கொழும்பில் வெளிவந்த, உவில்லியம் பேர்குசன் பனையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலின் படியொன்று கிடைக்குமாயின், கைவேலை நூலுக்கும் சமையல் நூலுக்கும் அருகே அது புதிய உயிர் பெறும். விபுலானந்த அடிகளின் யாழ்நூல் மற்றோர் எடுத்துக்காட்டு. 1947இல் வெளிவந்த அந்நூலின் பெயரை அறியாத தமிழ் மாணவன் இல்லை. திறந்து பார்த்தவர் சிலரே. அடிகள் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராயிருந்தவர். நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்குமுள்ள விகிதங்களைக் கணித்துக் காட்டும் அந்நூலை இலக்கியத் தட்டிலே மாத்திரம் நிறுத்துதலால், பௌதிகம் பயிலும் மாணவன் அதனைத் தனக்குரியதென்று எண்ணுவதில்லை. ஒலியியல் நூல்களுக்கும் இசை நூல்களுக்கும் நடுவே அதனை வைத்தால், இரு திறத்தாரும் அதனிடத்தே சந்திப்பர். அவ்வாறே, 1902இல் யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை வெளியிட்ட அபிதானகோசத்தையும், 1910இல் வெளிவந்த சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணியையும், இக்காலக் கலைக்களஞ்சியங்களோடு வைத்து, அறிவைத் தொகுத்த வரலாற்றைக் காட்டலாம்.

மூன்றாவது இடமும் அளவும். வாசகர் இயல்பாக நிற்கும் இடமே காட்சிக்கு ஏற்றது. நூல் பதிவு செய்யும் மேசையின் அருகும், வாயிலுள் நுழைந்தவுடன் கண்ணெதிர்ப்படும் சுவரோரமும் சிறந்தன. வாயிலின் நேரே வழியை மறித்து வைத்தலாகாது. கடந்து செல்வார் ஒருவரையொருவர் நெருக்கும் இடத்தில் எவரும் நின்று புரட்டார். பதினைந்து முதல் இருபது நூல்கள் வரை போதும். நூறு நூல்களைக் குவித்தால் அதுவும் மற்றோர் அலுமாரியாகிவிடும். நூல்கள் முகப்புத் தோன்ற நிமிர்த்தி வைக்கப்படல் வேண்டும். மரத்தாலோ தடித்த அட்டையாலோ மாணவரே செய்யக்கூடிய தாங்கிகள் இதற்குப் போதியன. அட்டை மங்கிய நூலாயின், உள்ளே உள்ள நல்ல படமொன்றைத் திறந்து காட்டலாம்.

நான்காவது சிற்றட்டை. காட்சியின் உயிர் இதிலேயே உள்ளது. "இது சிறந்த நூல், அனைவரும் படிக்க வேண்டும்" என்று எழுதுதல் பயனற்றது, அவ்வாறு எந்த நூலைப் பற்றியும் எழுதலாம். அந்நூலுக்கே உரிய ஒரு செய்தியைக் கூறல் வேண்டும். அது விடை கூறும் வினா ஒன்றையோ, அதன் ஒரு குறித்த அத்தியாயத்தையோ, அது தோன்றிய சூழலையோ நான்கு வரிகளிற் சுட்டுதல் போதும். அட்டையை மாணவர் எழுதுதல் இன்னும் நன்று. எழுதுவோன் நூலைப் படித்தே தீரவேண்டுமாதலின், காட்சி தொடங்குமுன்னரே அந்நூல் ஒரு வாசகனைப் பெற்றுவிடுகின்றது. உடன்பயிலும் ஒருவனது பெயர் அட்டையின் அடியில் இருப்பது ஏனைய மாணவரையும் ஈர்க்கும்.

ஐந்தாவது, காட்சியிலுள்ள நூல்களை அப்பொழுதே இரவல் கொடுத்தல் வேண்டும். காட்சி முடிந்தபின் வருக என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், எழுந்த ஆவல் அன்றே அவிந்துவிடும். ஒரு நூல் சென்ற இடத்தில் வேறொன்றை வைத்தற்குப் பத்து நூல்கள் சேமமாக இருத்தல் வேண்டும். வெறுமையான தாங்கிகள் காட்சி முடிந்துவிட்டதென்னும் எண்ணத்தை ஊட்டும். இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு மேல் ஒரு காட்சி நிற்றலாகாது. நாள்தோறும் கண்ட பொருள் கண்ணுக்குத் தோன்றாதொழிதல் மனித இயல்பு.

இங்கே ஒரு விலக்குக் கூறப்படல் வேண்டும். மிகப் பழைய பதிப்புக்களையும், வேறெங்கும் கிடைத்தற்கரிய படிகளையும் திறந்த காட்சியில் வைத்தலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு அச்சான நூல்கள் பலவற்றின் தாள் அமிலத் தன்மையுடையது. ஒளியும் வெப்பமும் ஈரமும் அதனை விரைவில் மஞ்சளாக்கி நொறுங்கச் செய்யும். கடற்காற்று வீசும் பிரதேசங்களில் இத்தீங்கு பெரிது. அத்தகைய நூலுக்குப் பதிலாக அதன் முகப்புப் பக்கத்தின் நிழற்படப் பிரதியையோ, பிற்கால மறுபதிப்பையோ வைத்து, மூலநூல் நூலகரிடம் உண்டு என்று அட்டையிற் குறித்தல் போதும்.

காட்சியாற் பயன் விளைந்ததா என்பதையும் அளந்தறிதல் வேண்டும். ஒத்த தன்மையுடைய முப்பது நூல்களைத் தெரிந்து, சீட்டெடுத்துப் பதினைந்தைக் காட்சிக்கும் பதினைந்தைத் தட்டுக்குமாகப் பிரித்துக்கொள்க. மூன்று வாரங்களின் பின் இருதிறத்து இரவல்களையும் எண்ணி ஒப்பிடுக. காட்சி முடிந்து ஆறு மாதங்களின் பின் மீண்டும் எண்ணுதல் இன்னும் பயனுடையது. காட்சி நீங்கியதும் அந்நூல் மறுபடியும் கிடப்பிலாயிற்றா, அன்றி ஒருவர் வாய்ச்சொல்லால் மற்றொருவர் கைக்குச் சென்றதா என்பது அப்பொழுதே தெரியும். இவ்வெண்ணிக்கையைக் கணிதம் பயிலும் மாணவரே செய்யலாம்.

இம்முறைக்குக் கூறப்படும் தடை ஒன்றுண்டு. படிக்க விரும்புவோன் தானே தேடிப் படிப்பான். கடைக்காரன் பண்டத்தைப் பரப்புவது போல நூலைப் பரப்புதல் கல்விக்கு இழுக்கு என்பர் சிலர். கடைக்காரன் தனக்கு ஊதியம் மிகுந்த பண்டத்தை முன்வைப்பான். நூலகர் முன்வைப்பதோ வாசகனுக்கு ஊதியமாவதை. மேலும், தேடிப் படித்தற்குத் தேடவேண்டியது யாதென்று தெரிதல் வேண்டும். உ. வே. சாமிநாதையர் வரலாறு இதற்குச் சான்று. சிற்றிலக்கியங்களிலும் புராணங்களிலும் ஆழ்ந்த புலமை பெற்றிருந்த அவர், 1880ஆம் ஆண்டிற் கும்பகோணத்திற் சேலம் இராமசுவாமி முதலியார் வினாவும்வரை சீவக சிந்தாமணியைப் படித்தவரல்லர். ஒருவர் அந்நூலைச் சுட்டிக்காட்டினார். அதனால் 1887இல் அது அச்சேறியது. ஐயரைப் போன்ற தேட்டமுடையார்க்கே ஒரு சுட்டு வேண்டியிருந்ததாயின், பதினாறாண்டு மாணவனுக்கு அது வேண்டாவெனல் எங்ஙனம்?

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இற் கலித்தொகையையும் பதிப்பித்தார். ஏடுகள் மடங்களிலும் வீடுகளிலும் இருந்தன. இருந்தும் அவற்றைத் தேடுவாரும் ஒப்புநோக்குவாரும் அருகியமையால் அவை அழிவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தன. ஒரு நூல் முதலில் நினைவினின்று மறைகின்றது. பின்னரே அதன் தாள் அழிகின்றது. இக்காலத்து நூனிலையங்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும். தட்டில் இடம் போதாதபோது, பல்லாண்டுகள் எடுக்கப்படாத நூலே முதலிற் கழிக்கப்படும். அது வேறெங்கும் இல்லாத படியாகவும் இருக்கலாம். திகதித் தாளிற் பதியும் ஒரு முத்திரை அந்நூலின் வாழ்நாளை நீட்டவல்லது.

1959இல் திறக்கப்பெற்ற யாழ்ப்பாணப் பொது நூனிலையம் 1981ஆம் ஆண்டு தீயிடப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. பின்னர் கட்டடம் புதுக்கப்பெற்றது. புதிய நூல்கள் சேர்ந்தன. எனினும் இழந்தவற்றுள் எவை எவை இருந்தன என்பதை எண்ணிப் பார்க்கும்போது, மீட்கப்பெறுவன பிறர் நினைவில் நின்ற நூல்களே என்பது புலனாகும். ஒருவரும் படித்திராத நூலை இழந்தோம் என்று சொல்லுதற்கும் ஒருவரும் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிமத் தொகுப்பு ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பல்லாயிரக்கணக்கில் யாவரும் காணுமாறு செய்துள்ளது. அது தாளின் அழிவினின்று நூலைக் காக்கும். மறதியினின்று காத்தற்கு வாசகனே வேண்டும். எண்ணிமத் தொகுப்பிலிருந்தும் பத்து நூல்களைத் தெரிந்து, அவற்றின் முகப்புக்களை அச்சிட்டுச் சிற்றட்டையோடு சுவரில் வைத்தல் அரிய செயலன்று.

நூனிலையத்துக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கிப் புதிய நூல்களை வாங்குதல் வேண்டற்பாலதே. அதனோடு, முன்னோர் வாங்கி வைத்தவற்றுள் இன்னும் திறக்கப்படாதவற்றைத் திறத்தலும் கல்லூரிச் சமூகத்தின் கடனாம். ஆசிரியர் தம் துறைத் தட்டை ஒருமுறை நோக்குதலும், பழைய மாணவர் தம் காலத்திற் பயன்பட்ட நூலொன்றின் பெயரை நூலகருக்கு எழுதுதலும், மாணவன் ஒரு சிற்றட்டை வரைதலும் பெருஞ்செலவு வேண்டுவனவல்ல. ஒரு தவணைக்கு ஒரு மேசையும் இருபது நூல்களும் போதும். அவ்விருபதனுள் ஐந்து நூல்கள் தம் வாசகரைக் கண்டால், நூனிலையம் அவ்வளவுக்குப் பெருகியதென்றே கொள்ளப்படும்.